தேனீக்களின் ஒட்டுண்ணிகளும் மாறிவரும் பருவங்களும்

பூமி சூடாகிறது, அதனால் தேனீக்களுக்கு நோய் அதிகமாகிறது என்று அடிக்கடி படிக்கிறோம். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒற்றை வரி ஒரு முக்கியமான விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. தேனீக்கள் தங்கள் கூட்டின் வெப்பத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பூச்சிகள். வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும், புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வளரும் அடைப்பகுதி 34, 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். குளிர்ந்தால் பறக்கும் தசைகளை அதிரவைத்துச் சூடேற்றுகின்றன. சூடு ஏறினால் தண்ணீர் கொண்டுவந்து அடைமேல் பரப்பி, சிறகால் விசிறி ஆற்றுகின்றன. வெளியே சராசரி வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால், இப்படிப்பட்ட கூட்டுக்குள் வாழும் ஓர் உண்ணிக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது?

இதற்கு எல்லா ஒட்டுண்ணிக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் எந்தக் கட்டத்தைக் கூட்டின் சூட்டுக்குள் கழிக்கிறது, எந்தக் கட்டத்தை அதற்கு வெளியே கழிக்கிறது என்று பார்த்தாக வேண்டும். முழுக்க உள்ளேயே வாழும் ஒட்டுண்ணியை வானிலை நேரடியாகத் தொடுவதில்லை. தேனீக்கள் ஆண்டில் எத்தனை நாள் புழு வளர்க்கின்றன என்பதன் வழியாகத்தான் தொடுகிறது. வாழ்வின் ஒரு பகுதியையாவது வெளியே கழிக்கும் ஒட்டுண்ணிக்கு மண்ணின் ஈரமும் குளிரும் நேரடியாகவே உயிர்ப் பிரச்சினை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், முரண்படுவதுபோல் தோன்றும் பல செய்திகள் பொருந்திவிடும்.

வரோவாவின் நாட்கணக்கு

வரோவா உண்ணியிலிருந்து தொடங்கலாம். இன்று உலகெங்கும் வளர்ப்புத் தேனீக்களுக்கு இருக்கும் தொல்லைகளில் பெரியது இதுதான். இதன் பூர்வீக ஓம்புயிரி, அதாவது இது ஒட்டி வாழ்ந்த உயிரினம், ஆசியத் தேனீயான ஏபிஸ் செரானா. ஐரோப்பியத் தேனீயான ஏபிஸ் மெல்லிஃபெராவை மனிதர்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்து அருகருகே வளர்க்கப்போக, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உண்ணி புது ஓம்புயிரிக்குத் தாவியது. நீண்ட காலம் இதை வரோவா ஜேக்கப்சோனி என்றே நினைத்திருந்தார்கள். 2000இல்தான் ஆண்டர்சனும் ட்ரூமனும் இது வேறு இனம் என்று காட்டி, வரோவா டிஸ்ட்ரக்டர் என்று பெயரிட்டார்கள்.

இது பெருகும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது அவசியம். வானிலையின் பங்கு ஒளிந்திருப்பது அங்கேதான். புழு முற்றி, அறையை மெழுகால் மூடப்போகும் நேரம் பார்த்துத் தாய் உண்ணி உள்ளே நுழைகிறது. புழுவுக்கு வைத்த உணவுக்குள் பதுங்கிக்கொள்கிறது. அறை மூடி 60 முதல் 70 மணி நேரத்தில் முதல் முட்டை. அது ஆண். அதன்பின் ஏறக்குறைய 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். ஒரு மகள் முதிர்வதற்கு ஏறத்தாழ 6 நாள் ஆகும். வேலைக்காரத் தேனீயின் அறை மூடியிருப்பதோ 12 நாள்தான். அதற்குள் முதிர்ந்து, கூடப் பிறந்த ஆணோடு இணை சேர்ந்து, இளம் தேனீயோடு வெளியேறத் தயாராகும் மகள்கள் சராசரியாக ஒன்று, ஒன்றரைக்கு மேல் இல்லை. அறை திறக்கும்போது முதிராமல் இருப்பவை செத்துப்போகும். ஆண் தேனீயின் அறை இரண்டு மூன்று நாள் கூடுதலாக மூடியிருப்பதால் அங்கே விளைச்சல் அதிகம். உண்ணிகள் ஆண் அறைகளைத் தேடிப் போவது இதனால்தான். ஆசியத் தேனீயிடம் இந்த உண்ணி பெரும்பாலும் ஆண் அறைகளில் மட்டுமே பெருகுகிறது. ஆண் புழுக்கள் பருவத்துக்குப் பருவம்தான் வளர்க்கப்படும் என்பதால் அங்கே அது கட்டுக்குள் இருக்கிறது.

ஆக, மூடிய புழு அறை இல்லாமல் வரோவாவுக்குப் பெருக்கமே கிடையாது. புழு இல்லாத நாட்களில் அது வளர்ந்த தேனீக்களின் வயிற்று மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளும். இவை இரத்தத்தை உறிஞ்சுகின்றன என்றே பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 2019இல் வெளிவந்த சாமுவேல் ராம்சே குழுவின் ஆய்வு, முதன்மையான உணவு தேனீயின் கொழுப்புத் திசு என்று காட்டியது. நமக்குக் கல்லீரல் செய்யும் வேலைகளில் பலவற்றைத் தேனீக்கு அந்தத் திசுதான் செய்கிறது. நோய் எதிர்ப்பு, நச்சு முறிப்பு, குளிர்காலத்துக்கான சேமிப்பு எல்லாம் அதில் அடங்கும்.

இப்போது பருவத்துக்கு வருவோம். குளிர்ப் பிரதேசங்களில் இலையுதிர் காலம் முற்றியதும் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். சில வாரங்களோ சில மாதங்களோ கூட்டில் புழுவே இருக்காது. அந்த இடைவெளியில் உண்ணிகள் சாகின்றனவே தவிரப் பெருகுவதில்லை. புழு வளர்ப்பு மும்முரமாக நடக்கும் காலத்தில் ஒரு கூட்டத்தின் உண்ணி எண்ணிக்கை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். இலையுதிர் காலம் வெதுவெதுப்பாகி, ராணி ஒரு மாதம் தாமதமாக நிறுத்தி, வசந்தம் முந்திக்கொண்டு ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கினால், பெருக்கத்துக்கு இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது. இரண்டு மாதம் என்றால் இரண்டு முறை இரட்டிப்பு, அதாவது நான்கு மடங்கு. கூட்டுக்குள் வெப்பம் அரை டிகிரிகூட மாறியிருக்க வேண்டியதில்லை. வானிலை மாற்றம் வரோவாவுக்குச் செய்யும் பேருதவி இந்த நாட்கணக்குதான் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், கூடுதல் உண்ணிகள் வந்து சேரும் நேரமும் மோசமானது. குளிர்காலத்தைக் கடக்கப் பிறக்கும் தேனீக்கள் கோடைத் தேனீக்களைப் போல ஐந்தாறு வாரத்தில் சாவதில்லை. மாதக்கணக்கில் வாழ வேண்டியவை. அதற்காகவே கொழுப்புத் திசு நிறைந்து பிறக்கின்றன. அவை அறைக்குள் உருவாகும் அதே இலையுதிர் வாரங்களில்தான் உண்ணிகளும் உச்சத்தில் இருக்கின்றன. திசுவைத் தின்னக் கொடுத்துப் பிறந்த தேனீ பிப்ரவரி வரை தாங்காது. உண்ணி இல்லாவிட்டாலும் வெதுவெதுப்பான இலையுதிர் காலம் ஆபத்துதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு, பறப்பதற்கு ஏற்ற நாட்கள் நீளும்போது தேனீக்கள் வீணாகப் பறந்து முதுமையடைந்து, வசந்தத்தில் கூட்டமே சரியக்கூடும் என்று கணித்தது. உண்ணித் தொல்லையும் அதோடு சேர்ந்தால் நிலைமை எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

உண்ணியோடு வரும் வைரஸையும் விட்டுவிட முடியாது. ஹவாய்த் தீவுகளுக்கு வரோவா வந்தது 2007இல். அது வந்த தீவுகளையும் இன்னும் வராத தீவுகளையும் ஒப்பிட அரிய வாய்ப்பு கிடைத்தது. ஸ்டீபன் மார்ட்டின் குழு 2012இல் வெளியிட்ட முடிவின்படி, சிறகுச் சிதைவு வைரஸ் சுமார் 10 சதவீதக் கூட்டங்களில் இருந்த நிலை மாறி, வரோவா வந்த பின் ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களிலும் காணப்பட்டது. அதன் பல வகைகளும் அற்றுப்போய் ஒன்றே மேலோங்கியது. முன்பு அடங்கிக் கிடந்த ஒரு வைரஸுக்கு உண்ணி ஊசிபோட்டதுபோல் வழி திறந்துவிட்டது.

மருந்துக்கும் வானிலை குறுக்கே நிற்கிறது

வரோவாவுக்கு எதிராகப் பயன்படும் ஆக்சாலிக் அமிலம் வளர்ந்த தேனீக்கள்மேல் ஒட்டியிருக்கும் உண்ணிகளைத்தான் கொல்லும். மெழுகு மூடிக்குள் இருப்பவற்றை அது எட்டாது. புழு வளர்ப்பு நடக்கும்போது பெரும்பாலான உண்ணிகள் மூடிக்குள்தான் இருக்கும். அதனால் புழு இல்லாத குளிர்கால இடைவெளியே அந்த மருந்துக்குச் சரியான நேரம். அந்த இடைவெளி சுருங்கினாலோ காணாமல் போனாலோ மருந்து பாதி வேலைதான் செய்யும். ஃபார்மிக் அமில ஆவி மூடியைத் தாண்டிப் போகும். ஆனால் அதற்கும் வெப்ப வரம்பு உண்டு. ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே போதுமான அளவு ஆவியாகாது. 30 டிகிரியை நெருங்கினால் மிக வேகமாக ஆவியாகி, புழுக்களையும் சில சமயம் ராணியையுமே பறித்துவிடும். தைமால் மருந்துகளும் வெப்பத்தைப் பொறுத்தவைதான். தேன் எடுத்து முடிந்த கோடைக் கடைசியில் போட வேண்டிய மருந்தை, வெப்ப அலை வீசுகிறதே என்று தேனீ வளர்ப்பவர் தள்ளிப்போட்டால், அந்த இரண்டு மூன்று வாரங்களில் குளிர்காலத் தேனீக்கள் உருவாகத் தொடங்கிவிடும்.

இந்த அம்சத்தைப் பற்றி வெளியே அதிகம் பேச்சில்லை. உண்ணி எப்படிப் பெருகுகிறது என்று கேட்கும் அளவுக்கு, அதை அடக்கும் கருவிகள் எந்த வானிலையில் வேலை செய்யும் என்று கேட்பதில்லை. இரண்டும் சேர்ந்துதான் ஒரு கூட்டத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

ஈரப்பதமும் மரப்பொந்தும்

வெப்பத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஈரப்பதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆய்வகத்தில் வரோவா சுமார் 32, 33 டிகிரியில் நன்றாகப் பெருகுகிறது. அதாவது புழு அடையின் மையத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த இடம் அதற்கு உகந்தது. ஆண் புழு அறைகள் அடையின் ஓரங்களில் அமைவதும் அதற்கு வசதிதான். வெப்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சார்பு ஈரப்பதத்தை 80 சதவீதம் வாக்கில் ஏற்றியபோது பெருக்கம் ஏறக்குறைய நின்றேவிட்டது என்று 1997இல் க்ராஸும் வெல்துயிஸும் காட்டினார்கள்.

சரி, இயற்கையில் தேனீக்கள் வாழும் மரப்பொந்துக்கு வருவோம். அதன் சுவர் தடிமனானது, வாசல் சிறியது. டெரெக் மிட்செல் 2016இல் செய்த கணக்கீடு, நாம் தேனீ வளர்க்கும் மெல்லிய பலகைப் பெட்டி மரப்பொந்தைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை இழக்கிறது என்று காட்டியது. பொந்து சூட்டைத் தக்கவைப்பதால், உள்ளே ஈரப்பதத்தையும் உயர்வாக வைத்திருக்க முடியும், அது வரோவாவுக்குப் பாதகம் என்பது அவர் வாதம். வெளிக்கூட்டில் இது முழுமையாக நிரூபணமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் கொடுத்த வீடே உண்ணிக்குச் சாதகமாக இருக்கலாம் என்ற எண்ணம் கவனிக்கத்தக்கது.

நியூயார்க் மாநிலத்தின் ஆர்னாட் காட்டில் தாமஸ் சீலி பல பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் காட்டுத் தேனீக் கூட்டங்கள் இதற்கு வலு சேர்க்கின்றன. 1978இலும், வரோவா அந்தப் பகுதிக்கு வந்த பிறகு 2002இலும் அவர் எண்ணினார். கூட்டங்களின் அடர்த்தி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மருந்து எதுவும் இல்லை. அவை சிறிய பொந்துகளில் வாழ்கின்றன, அடிக்கடி திரள் பிரிந்து போகின்றன, ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன. திரள் பிரியும்போது பழைய ராணி ஒரு பகுதித் தேனீக்களோடு வெளியேறிவிடும்; பழைய கூட்டில் புது ராணி முட்டையிடத் தொடங்கும்வரை புழு வளர்ப்பில் இடைவெளி விழும். குளிர்காலம் தருவது போன்ற அதே ஓய்வு, கோடையின் நடுவில். பெட்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி, திரள் பிரியவிடாமல் தடுத்து, தேனுக்காகக் கூட்டத்தைப் பெரிதாக்கும் வளர்ப்பு முறையில் இந்த மூன்று பாதுகாப்பும் போய்விடுகின்றன. சுற்றுச்சூழல் என்றதும் வானத்தை மட்டும் பார்க்கிறோம். தேனீயைப் பொறுத்தவரை நாம் அடித்த பெட்டியும் அதன் சுற்றுச்சூழல்தான்.

குடலிலும் மண்ணிலும்

நோசிமா வேறு கதை. இது பூஞ்சைக்கு நெருங்கிய உறவான நுண்ணுயிரி. தேனீயின் நடுக்குடல் செல்களுக்குள் பெருகி, விதைத்துகள்களாக (ஸ்போர்களாக) மலத்தோடு வெளியேறுகிறது. இது வளர்ந்த தேனீயைத் தாக்குவது. வளர்ந்த தேனீ வெயிலிலும் குளிரிலும் பறந்து திரிவது, அதன் உடல் வெப்பம் புழு அடைபோல நிலையானது அல்ல. விதைத்துகளோ அடையிலும் பூவிலும் தண்ணீரிலும் கிடக்க வேண்டியது. ஆக இங்கே வானிலைக்கு நேரடி வழி உண்டு.

இதில் இரண்டு இனங்கள் முக்கியம். நோசிமா ஏபிஸ் ஐரோப்பியத் தேனீயின் பழைய நோய். குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடக்கும் தேனீக்கள் கூட்டுக்குள்ளேயே மலம் கழிக்க நேரும்போது பரவி, வசந்தத்தில் உச்சம் தொட்டு, கோடையில் தணியும். நோசிமா செரானே 1996இல் ஆசியத் தேனீயிடம் கண்டறியப்பட்டது. 2000களின் நடுவில் ஐரோப்பியத் தேனீயிடம் இருப்பது தெரியவந்தது. இதன் விதைத்துகள் 60 டிகிரி வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும், உறைபனியில்தான் வீரியம் இழக்கும். பழைய இனத்தின் துகள் உறைந்தாலும் பிழைக்கும். இரண்டின் பலவீனமும் நேர் எதிர் என்பதால், சூடாகும் உலகில் எது மேலோங்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஸ்பெயின் போன்ற வெப்பமான இடங்களில் செரானே ஆண்டு முழுவதும் தொல்லை தருகிறது. வடக்கே போகப் போக அதன் ஆதிக்கம் குறைவு. 2020இல் மரபணு அடிப்படையில் இவற்றை வைரிமார்ஃபா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள், ஆனாலும் தேனீ வளர்ப்பவர்கள் நோசிமா என்றே சொல்கிறார்கள்.

சிறு கூட்டுவண்டு வானிலையை நேரடியாக உணரும் ஒட்டுண்ணிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கிலிருந்து கிளம்பி, 1998இல் அமெரிக்காவிலும், 2014இல் இத்தாலியின் கலாப்ரியாவிலும் அடையாளம் காணப்பட்டது. கூட்டுக்குள் தேனையும் மகரந்தத்தையும் புழுவையும் தின்று கொழுத்த இதன் புழு, கூட்டுப்புழு ஆவதற்கு வெளியேறி மண்ணுக்குள் புதைய வேண்டும். மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் பெருகும். காய்ந்த மண்ணிலோ குளிர்ந்த மண்ணிலோ வளர்ச்சி தேங்கும். காற்று மிகவும் வறண்டிருந்தால் முட்டைகளும் உலர்ந்துவிடும்.

கூட்டுக்குள்ளேயே வாழும் வரோவாவுக்கும் வெளியே போயாக வேண்டிய கூட்டுவண்டுக்கும் நடுவில் நிற்கிறது மூச்சுக்குழல் உண்ணி. பிறந்து சில நாளே ஆன இளம் தேனீயின் மூச்சுக்குழலுக்குள் புகுவது இது. தேனீக்கள் வெளியே பறந்து சீக்கிரம் மடியும் கோடையில் பாதிப்பு நீர்த்துப்போகும். குளிரிலும் மழையிலும் நெருக்கியடித்து அடைந்து கிடக்கும்போது கூடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வைட் தீவில் தொடங்கி நாடெங்கும் தேனீக்கள் மடிந்தபோது, 1921இல் ஜான் ரென்னி விவரித்த இந்த உண்ணிமேல் முழுப் பழியும் விழுந்தது. பிற்காலத்தில் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் லெஸ்லி பெய்லி அந்த முடிவைக் கேள்விக்கு உள்ளாக்கினார். மோசமான வானிலை, மேய்ச்சலுக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் கூட்டங்கள், பக்கவாத வைரஸ் எல்லாம் சேர்ந்த விளைவு அது என்பது அவர் வாதம். ஓர் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்ததும் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

தட்டில் என்ன இருக்கிறது

ஒட்டுண்ணியைத் தாங்கும் தெம்பு உணவிலிருந்துதான் வர வேண்டும். பலவகை மகரந்தம் உண்ட தேனீக்கள் நோசிமா தொற்றோடும் கூடுதல் நாள் வாழ்கின்றன என்று பிரெஞ்சு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே பயிர் நிலத்தை நிறைத்திருக்கும் இடத்தில் அந்தப் பன்மை கிடைக்காது. வறட்சியில் பூக்கும் நாட்கள் சுருங்கும். மகரந்தத்தின் தரமே மாறுகிறது என்பதற்கும் சான்று உண்டு. வட அமெரிக்காவில் இலையுதிர் காலத் தேனீக்களுக்கு முக்கிய உணவான கோல்டன்ராட் செடியின் அருங்காட்சியக மாதிரிகளை 1842 முதல் அண்மைக்காலம் வரை லூயிஸ் ஜிஸ்கா குழு ஒப்பிட்டது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, மகரந்தப் புரதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முடிவு 2016இல் வெளிவந்தது. குளிர்காலத் தேனீயின் கொழுப்புத் திசு உருவாகும் வாரங்களிலேயே அதற்கான மூலப்பொருள் மெலிகிறது. அந்தத் திசுவைத் தின்னத்தான் வரோவா காத்திருக்கிறது.

பூச்சிக்கொல்லிகளும் இதே இடத்தில் அடிக்கின்றன. நியோநிகோட்டினாய்டு வகையைச் சேர்ந்த க்ளோதியானிடின் தேனீயின் நோய் எதிர்ப்பைத் தணித்து, சிறகுச் சிதைவு வைரஸ் பெருக வழிவிடுகிறது என்று 2013இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் வானிலைதானா?

இல்லை. வானிலையின் பங்கு நோய்க்கு நோய் எதிரெதிராகவும் போகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் தேனீ ஆய்வாளர்களின் லட்சக்கணக்கான கள வருகைப் பதிவுகளை அலசி 2021இல் வெளிவந்த ஆய்வில், வெப்பம் ஏறும்போது கடும் வரோவா தாக்குதலின் வாய்ப்பு கூடியது, கனமழையிலும் காற்றிலும் குறைந்தது. ஐரோப்பிய ஃபவுல்புரூட் என்ற பாக்டீரியா நோயோ மழையில் கூடியது. வெப்பம் ஏறினால் தேனீ நோய் எல்லாமே ஏறும் என்று ஒரே கோட்டில் எழுதிவிட முடியாது.

பிரேசிலுக்கு அப்பால் உள்ள பெர்னாண்டோ டி நொரோன்யா தீவு இன்னொரு எச்சரிக்கை. 1984இல் அங்கே கொண்டுபோன இத்தாலிய வகைத் தேனீக்கள் வரோவாவோடு, மருந்தில்லாமல் பிழைத்தன. வெப்பமண்டல வானிலைதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அங்கிருந்த உண்ணிகள் வீரியம் குறைந்த ஜப்பான் மரபு வகை என்று பின்னர் தெரிந்தது. அமெரிக்காவில் 2024-25 குளிர்காலத்தில் வணிக வளர்ப்பாளர்களின் கூட்டங்களில் பாதிக்கும் மேல் அழிந்தபோது, வரோவாவைக் கொல்லப் போடும் அமிட்ராஸ் மருந்துக்கு எதிர்ப்பு பெற்ற உண்ணிகளும் அவை பரப்பும் வைரஸ்களும் கண்டறியப்பட்டன. ஆஸ்திரேலியாவுக்கு வரோவாவைக் கொண்டுபோனது வெப்பமல்ல. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தின் கண்காணிப்புப் பெட்டிகளில் அது பிடிபட்டது. ஒழிக்கும் முயற்சி கைவிடப்பட்டது 2023 செப்டம்பரில். ஒட்டுண்ணிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது மனிதர்கள். போன இடத்தில் அவை நிலைக்குமா என்று முடிவுசெய்வதில்தான் வானிலை பேசுகிறது.

டிராபிலீலாப்ஸ் உண்ணி இப்போது அந்த இடத்தில் நிற்கிறது. இதன் பூர்வீகம் ஆசியாவின் மலைத்தேனீ. வரோவாவைவிட வேகமாகப் பெருகும். ஆனால் ஒரு பெரிய குறை இதற்கு உண்டு. வளர்ந்த தேனீயின் உடலைத் துளைத்து உண்ண இதன் வாயால் முடியாது. புழு இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் பட்டினியில் சாகும். குளிர்காலத்தில் புழு வளர்ப்பு நிற்கும் நாடுகளுக்கு இது வரவே முடியாது என்று நீண்ட காலம் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதி குலைந்துவிட்டது. ரஷ்யாவின் கிராஸ்னோதார் பகுதியிலும் ஜார்ஜியாவிலும் இது இருப்பது அண்மையில் வெளிவந்திருக்கிறது. மேற்கே ஐரோப்பாவின் தென்பகுதியில், குளிர்காலத்திலும் ஓர் அடையில் ஓரிரு கையகலத்துக்குப் புழு இருக்கும் கூட்டங்கள் ஏற்கெனவே உண்டு. இந்த உண்ணிக்கு அவ்வளவு போதும்.

இதே குறைதான் நமக்கும் கைப்பிடி. ராணியைச் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடுவதைச் சில வாரம் நிறுத்தும் முறையை இத்தாலியில் வரோவாவுக்காக ஏற்கெனவே பரவலாகக் கையாள்கிறார்கள். வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 21 நாள், ஆண் தேனீ 24 நாள். அத்தனை நாள் பொறுத்தால் கடைசிப் புழுவும் வெளியேறி, கூட்டில் மூடிய அறையே இல்லாமல் போகும். குளிர்காலம் தானாகத் தந்துகொண்டிருந்த இடைவெளியை இனி தேனீ வளர்ப்பவர் கணக்குப் பார்த்துத் தன் கையால் உண்டாக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும், ஒவ்வோர் ஆண்டும்.